எட்டாம் நாள் குழந்தையும் கொலோன் நீதிமன்றமும்

2010 நவம்பர் 4 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரு மருத்துவர் நான்கு வயதுச் சிறுவனுக்கு சுன்னத் செய்தார். பெற்றோர் முஸ்லிம்கள். அவர்கள் கேட்டுக்கொண்டதால்தான் செய்தார். மரத்துப்போக ஊசி போட்டு, முன்தோலை நீக்கி, நான்கு தையல் போட்டார். அன்று மாலையே வீட்டுக்குப் போய்ப் பையனைப் பார்த்துவிட்டும் வந்தார். இரண்டு நாள் கழித்து ரத்தக் கசிவு ஏற்பட்டதால், தாய் பையனைப் பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார். அங்கே ரத்தத்தை நிறுத்தினார்கள். பையனும் தேறிவிட்டான். ஆனால் விஷயம் அரசு வழக்கறிஞர் வரை போய், மருத்துவர் மீது உடற்காயம் விளைவித்ததாக வழக்குத் தொடரப்பட்டது.

மருத்துவரின் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று நிபுணர் சாட்சி சொன்னார். கீழ் நீதிமன்றம் 2011 செப்டம்பரில் அவரை விடுவித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2012 மே 7 அன்று கொலோன் மாவட்ட நீதிமன்றமும் அவரை விடுவிக்கத்தான் செய்தது. ஆனால் அதற்குச் சொன்ன காரணம் வேறு. மருத்துவத் தேவை இல்லாமல், மதச் சடங்குக்காக ஒரு சிறுவனின் முன்தோலை வெட்டுவது உடற்காயம் என்னும் குற்றமே. பெற்றோரின் சம்மதத்தால் அது குற்றம் இல்லை என்று ஆகிவிடாது. சட்டத்தில் இதுவரை தெளிவில்லாததால், தான் செய்வது குற்றம் என்று அறிய இந்த மருத்துவருக்கு வழியிருக்கவில்லை. எனவே அவர் தண்டிக்கப்பட வேண்டியதில்லை. தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான்.

ஜூன் கடைசியில் தீர்ப்பு வெளியே தெரிந்ததும் நாடே கொந்தளித்தது. ஒரு மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பு மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனால் எந்த மருத்துவர் வழக்கைத் தலையில் ஏற்றிக்கொள்ளத் துணிவார்? பெர்லினின் யூத மருத்துவமனையே இந்த அறுவையை நிறுத்திவைத்தது. எல்லை தாண்டி சுவிட்சர்லாந்தின் சூரிச் குழந்தைகள் மருத்துவமனையும் சில காலம் நிறுத்தியது. யூதர்களும் முஸ்லிம்களும் பெர்லினில் ஒன்றாகத் தெருவில் நின்றார்கள். வேறு எந்தப் பிரச்சினைக்கும் அவர்கள் இப்படிச் சேர்ந்து நின்று பார்த்தது அரிது.

சுன்னத் என்றும் விருத்தசேதனம் என்றும் சொல்லப்படும் இதைக் குழந்தைப் பருவத்தில் செய்வது சரியா தவறா என்ற விவாதத்துக்கு இந்த வழக்கைவிட நல்ல நுழைவாயில் இல்லை. நீதிபதிகள் மதத்தின் மீது வெறுப்பைக் கக்கவில்லை. ஜெர்மன் அரசியல் சட்டம் மூன்று உரிமைகளைத் தருகிறது. குழந்தையின் உடலுக்கு ஊறு நேராதிருக்கும் உரிமை, மத சுதந்திரம், பிள்ளையை வளர்க்கும் பெற்றோரின் உரிமை. மூன்றும் ஒரே இடத்தில் மோதும்போது எது முந்தும் என்று அவர்கள் கேட்டார்கள். முன்தோல் திரும்ப வளராது. பிற்காலத்தில் அந்தப் பையன் வேறு மதத்தையோ மதமின்மையையோ தேர்ந்தாலும் அடையாளம் உடலில் நிற்கும். அவன் வளர்ந்து தானே முடிவு செய்யும் வரை காத்திருந்தால் பெற்றோருக்குப் பெரிய இழப்பு ஒன்றும் வந்துவிடாது. இதுதான் அவர்களின் வாதம்.

அந்தக் கடைசி வரியில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. காத்திருந்தால் இழப்பில்லை என்று சொல்ல, அந்தச் சடங்கு நம்புகிறவர்களுக்கு என்னவாக இருக்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

யூதர்களுக்கு இது ஒரு வழக்கமல்ல, உடன்படிக்கை. ஆதியாகமம் 17-ஆம் அதிகாரத்தில் கடவுள் ஆபிரகாமோடு உடன்படிக்கை செய்கிறார். அதன் அடையாளம் ஆண்மக்களின் உடலில் இருக்க வேண்டும், பிறந்த எட்டாம் நாள் செய்யப்பட வேண்டும் என்கிறார். அப்போது ஆபிரகாமுக்கு 99 வயது, மகன் இஸ்மவேலுக்கு 13. பிறகு பிறந்த ஈசாக்குக்குத்தான் எட்டாம் நாள் நடக்கிறது. நம் ஊர் கிறிஸ்தவர்கள் விருத்தசேதனம் என்ற சொல்லைத் தமிழ் வேதாகமத்தின் இந்த அதிகாரத்திலிருந்துதான் அறிவார்கள்.

எட்டாம் நாள் என்றால் எட்டாம் நாள்தான். ஓய்வுநாளில் தீக்குச்சி கிழிக்காதவர்கள், எட்டாம் நாள் ஓய்வுநாளில் விழுந்தாலும் இதைச் செய்கிறார்கள். (சிசேரியன் மூலம் பிறந்த குழந்தைக்கு மட்டும் ஓய்வுநாளில் செய்வதில்லை, மறுநாளுக்குத் தள்ளுகிறார்கள்.) உறவினர் கூடியிருக்க, குழந்தையை எலியா தீர்க்கதரிசிக்கென்று ஒதுக்கிய நாற்காலியில் ஒரு கணம் வைத்து எடுப்பார்கள். பிறகு தாத்தாவோ குடும்பத்தில் மதிப்புக்குரிய ஒருவரோ குழந்தையை மடியில் வைத்துக்கொள்வார். இதற்கென்றே பயின்ற மோஹெல் முன்தோலை நீக்குவார். கடமை தந்தையுடையது, மோஹெல் அவர் சார்பாகச் செய்கிறார். திராட்சை ரசத்தின் மீது ஆசி சொல்லி, அதில் ஒரு துளியைக் குழந்தையின் வாயில் வைத்து, அதன் பெயரை முதன்முதலாக எல்லோர் முன்னிலையிலும் அறிவிப்பார்கள். பிறகு விருந்து. 17-ஆம் நூற்றாண்டில், மத நிறுவனங்களை ஈவிரக்கமின்றி விமர்சித்த ஸ்பினோசாவும்கூட, யூத இனத்தை என்றென்றும் காப்பாற்ற இந்த ஓர் அடையாளமே போதும் என்ற பொருளில் எழுதினார்.

அதே யூத மரபுக்குள் குழந்தையின் உயிரும் உடலும் எப்படி மதிக்கப்படுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத பகுதி இது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் எட்டாம் நாள் தள்ளிப்போகும். உடம்பு மஞ்சளித்தோ சிவந்தோ இருந்தால் நிறம் தெளியும் வரை பொறுக்க வேண்டும் என்று யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூது சொல்கிறது. காய்ச்சலிலிருந்து மீண்ட குழந்தைக்கு முழுதாக ஏழு நாள் இடைவெளி விட வேண்டும்.

இன்னொன்று என்னை வியக்கவைத்தது. ஒரு தாயின் முதல் மகன் விருத்தசேதனத்தால் இறந்து, இரண்டாம் மகனும் அதனாலேயே இறந்தால், மூன்றாவது மகனுக்குச் செய்யக் கூடாது என்பது தல்மூதின் விதி. இரண்டு சாவு போதுமா, மூன்று வேண்டுமா என்றுதான் யூத மத அறிஞர்களான ரப்பிகள் வாதிட்டார்கள். இரண்டே போதும் என்று முடிவானது. செப்போரிஸ் ஊரில் நான்கு சகோதரிகள் இருந்ததாகவும், மூவரின் பிள்ளைகள் இப்படி இறந்ததால் நான்காமவளின் பிள்ளைக்குச் செய்ய வேண்டாம் என்று சொல்லப்பட்டதாகவும் தல்மூதில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. தாய்வழியாக வரும் ஹீமோஃபீலியா என்ற ரத்தம் உறையாக் குறைபாட்டைப் பற்றிய மிகப் பழைய குறிப்பாக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இதைக் காட்டுகிறார்கள். மரபணு என்ற ஒன்று யாருக்கும் தெரியாத காலத்தில், கடவுள் நேரடியாகக் கட்டளையிட்டதாகத் தாங்கள் நம்பிய சடங்கையே ஒரு குழந்தையின் உயிருக்காக நிறுத்திவைத்தார்கள். அப்படி விருத்தசேதனம் செய்யப்படாமல் விடப்பட்டவன் யூதனாக இருப்பதில் எந்தக் குறைவும் இல்லை. யூதத் தாய்க்குப் பிறந்தவன் யூதன்தான்.

குழந்தையாக இருக்கும்போதே ஏன் என்ற கேள்வியும் புதியதல்ல. 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடீஸ் மருத்துவர், தத்துவ அறிஞர், யூதச் சட்ட வல்லுநர் என மூன்றுமாக இருந்தவர். அவர் மூன்று காரணங்களைச் சொல்கிறார். வளர விட்டால் அவன் செய்துகொள்ளாமலே இருந்துவிடக்கூடும். பெரியவனுக்கு வலிக்கும் அளவு குழந்தைக்கு வலிக்காது. தோல் மென்மையானது, நடக்கப்போவதை எண்ணி அஞ்சவும் அதற்குத் தெரியாது. மூன்றாவதாக, பிறந்த புதிதில் பெற்றோரின் பாசம் இன்னும் முழுதாக வேரூன்றியிருக்காது. இரண்டு மூன்று வருடம் போனால் தகப்பனுக்கு மனம் வராது.

இதைப் படிக்கும்போது மனம் சங்கடப்படுகிறது. அதற்காகவே இதை மதிக்கிறேன். மைமோனிடீஸ் எதையும் பூசி மெழுகவில்லை. வளர்ந்தபின் கேட்டால் பையன் மறுக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டே, ஆகவே முன்பே செய்துவிடுங்கள் என்கிறார். சம்மதம் பற்றி கொலோன் நீதிபதிகள் எழுப்பிய கேள்வி, எண்ணூறு ஆண்டுக்கு முன்பு ஒரு யூத அறிஞரின் மேசையிலேயே இருந்திருக்கிறது. குழந்தையின் வலி பற்றி அவர் சொன்னது மட்டும் தவறு என்று இன்றைய மருத்துவம் தெளிவாகக் காட்டிவிட்டது. பச்சிளம் குழந்தைக்கு வலிக்கும். 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், மரத்துப்போக மருந்து இல்லாமல் முன்தோல் நீக்கப்பட்ட குழந்தைகள், சில மாதம் கழித்துத் தடுப்பூசி போடும்போதும் மற்றக் குழந்தைகளைவிட அதிகமாகத் துடித்தது பதிவானது.

யூதர்கள் கொலோன் தீர்ப்பைக் கேட்டு ஏன் அவ்வளவு அதிர்ந்தார்கள் என்பதற்கு வரலாற்றைப் பார்க்க வேண்டும். கிறிஸ்துவுக்கு முன் 167 வாக்கில், கிரேக்க மரபில் வந்த அரசன் நான்காம் அந்தியோக்கஸ் விருத்தசேதனத்தைத் தடைசெய்தான். மீறிச் செய்வித்த தாய்மார்கள் கொல்லப்பட்டதை மக்கபேயர் நூல் பதிவுசெய்திருக்கிறது. ரோமானியர் காலத்திலும் தடை வந்தது. பேரரசர் அந்தோனினஸ் பயஸ்தான் யூதர்கள் தம் பிள்ளைகளுக்கு மட்டும் செய்துகொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தார். ஹிட்லர் காலத்தில், பொய்ப் பெயரோடு மறைந்து வாழ்ந்த யூத ஆண்களை இந்த அடையாளமே காட்டிக்கொடுத்தது. ஆகவே ஜெர்மன் மண்ணில், ஜெர்மன் நீதிமன்றம் இதைக் குற்றம் என்றபோது அது சாதாரணச் சட்ட விவாதமாக அவர்கள் காதில் விழவில்லை. இன அழிப்புக்குப் பிறகு ஜெர்மனியில் யூத வாழ்வின் மீது நடந்த மிகக் கடுமையான தாக்குதல் இது என்று ஐரோப்பிய ரப்பிகள் மாநாட்டின் தலைவர் பின்காஸ் கோல்ட்ஷ்மிட் சொன்னார். மிகையாகப் படலாம். ஆனால் எங்கிருந்து அந்தச் சொல் வந்தது என்பது புரிகிறது.

கிறிஸ்தவத்தில் இந்தப் பிரச்சினை ஆரம்பத்திலேயே தீர்ந்துவிட்டது. இயேசுவுக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் நடந்ததை லூக்கா எழுதியிருக்கிறார். ஆனால் யூதரல்லாதவர்கள் கிறிஸ்தவத்துக்கு வரும்போது அது வேண்டியதில்லை என்று எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள் முடிவுசெய்தார்கள். பவுல் அதற்காகப் போராடினார். ஆயினும் எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களிடமும் எத்தியோப்பிய சபையிலும் இந்த வழக்கம் இன்றும் இருக்கிறது.

இஸ்லாத்தில் நிலை வேறு. குர்ஆனில் இது பற்றி நேரடியாக எதுவும் இல்லை. நபிமொழிகளான ஹதீஸில், மனிதனின் இயல்புக்கு உரிய தூய்மைகளாக ஐந்து சொல்லப்படுகின்றன. கத்னா (சுன்னத்) செய்வது, மறைவிட முடியைக் களைவது, மீசையைக் கத்தரிப்பது, நகம் வெட்டுவது, அக்குள் முடியை நீக்குவது ஆகியவையே அவை. இப்ராஹீம் நபி (ஆபிரகாம்) 80 வயதில் செய்துகொண்டதாகவும் ஹதீஸ் உண்டு. ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) இது கட்டாயக் கடமை. ஹனஃபி மத்ஹபில் வலியுறுத்தப்பட்ட நபிவழி. தமிழ்நாட்டில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிகள் அதிகம், உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகள் அதிகம். நடைமுறையில் இரு பக்கமும் எல்லோரும் செய்கிறார்கள்.

யூதர்களுக்குள்ள எட்டாம் நாள் போன்ற இறுக்கமான நாள் இஸ்லாத்தில் இல்லை. பிறந்த ஏழாம் நாள் சிறப்பு என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. பருவம் எய்துவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதே பொதுவான கருத்து. துருக்கியில் பள்ளிக்கூட வயதுப் பையனுக்கு ராஜகுமாரனைப் போல உடை போட்டு ஊரையே கூட்டுகிறார்கள். நம் ஊரில் இதை மார்க்கக் கல்யாணம் என்றும் சுன்னத் கல்யாணம் என்றும் சொல்வார்கள். புதுச்சட்டை, கழுத்து நிறைய மாலை, குதிரையிலோ காரிலோ ஊர்வலம், சொந்தபந்தத்துக்குப் பிரியாணி. முன்பு அதற்கென்றே இருந்த ஒஸ்தா வீட்டுக்கு வந்து செய்தார். இப்போது பல குடும்பங்கள் குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே மருத்துவமனையில் முடித்துவிடுகின்றன. விருந்தும் ஊர்வலமும் சுருங்கிவிட்டன. பாதுகாப்பு கூடியிருக்கிறது. ஆனால் ஏழு வயதுப் பையனுக்கு என்ன நடக்கிறது என்று கொஞ்சமாவது புரிந்தது. ஏழு மாதக் குழந்தைக்கு அதுவும் இல்லை. இந்தப் பரிமாற்றத்தைப் பற்றி நம்மிடம் யாரும் பேசுவதில்லை.

மருத்துவப் பயனைச் சொல்லி சடங்கை நியாயப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. அங்கே நின்று அதிக நேரம் செலவிட நான் விரும்பவில்லை. சொல்ல வேண்டியது இவ்வளவு: குழந்தைகளில் சிறுநீர்த் தொற்று குறைகிறது. ஆனால் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவருக்கு வருவதே அது. ஒரு தொற்றைத் தடுக்க நூறு குழந்தைகளுக்கு மேல் செய்ய வேண்டியிருக்கும். தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளில் நடந்த ஆய்வுகள், பெண்களிடமிருந்து ஆண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் குறைவதைக் காட்டின. அதன் அடிப்படையில் 2007-இல் உலக சுகாதார நிறுவனம் அந்நோய் மிகுந்த நாடுகளுக்கு இதைப் பரிந்துரைத்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் தாமாகச் சம்மதித்த வளர்ந்த ஆண்கள். பிறந்த குழந்தைக்குச் செய்ய அது ஆதாரம் ஆகாது. 2012 ஆகஸ்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பயன்கள் ஆபத்தைவிட அதிகம் என்றது. ஆனால் எல்லாக் குழந்தைக்கும் செய்யுங்கள் என்று சொல்லும் அளவுக்கு இல்லை என்றும் சேர்த்தே சொன்னது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு நெதர்லாந்து மருத்துவர் சங்கம் வேண்டாம் என்ற பக்கமே சாய்ந்தது. பிரிட்டனில் மருத்துவர் டக்ளஸ் கெய்ர்ட்னர் 1949-இல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு, மதம் சாராத விருத்தசேதனம் அங்கே வேகமாகக் குறைந்தது. ஒரே அறிவியலைப் படித்த மருத்துவர்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறார்கள். யூதரோ முஸ்லிமோ சிறுநீர்த் தொற்றுக்கு அஞ்சி இதைச் செய்யவில்லை. நம்பிக்கைக்காகச் செய்கிறவர்கள் நம்பிக்கைக்காக என்றே நேராகச் சொல்லலாம்.

இனி, எதிர்ப்பவர்களின் வலுவான வாதத்துக்கு வருவோம். குழந்தைக்குத் திறந்த எதிர்காலம் ஒன்று உரிமையாக உண்டு என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜோயல் ஃபைன்பெர்க் 1980-இல் எழுதினார். வளர்ந்த பிறகு அவன் தேர்ந்தெடுக்க வேண்டியவற்றின் கதவை நாம் முன்கூட்டியே அடைத்துவிடக் கூடாது என்பது அதன் பொருள். வளர்ந்தவன் விரும்பினால் செய்துகொள்ளலாம். செய்துவிட்டதை அழிக்க முடியாது. இந்த ஏற்றத்தாழ்வு உண்மையானது. இதற்கு மதத் தரப்பிலிருந்து நான் படித்த பதில்களில் பல தட்டிக்கழிப்பவை. பெயர், மொழி, சாப்பாடு எல்லாவற்றையும் பெற்றோர்தானே தீர்மானிக்கிறார்கள் என்கிறார்கள். சரிதான், ஆனால் அவை கத்தி வைத்துச் செய்பவை அல்ல.

நம் வீட்டுக் காதுகுத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, மொட்டை அடித்து, வீறிட்டு அழும் குழந்தையின் காதில் துளை போடுகிறோம். யாரும் குழந்தையைக் கேட்பதில்லை. அது கொடுமை என்றும் நமக்குத் தோன்றுவதில்லை, ஏனென்றால் அது நம்முடையது. கொலோன் தீர்ப்பு வெளியான அதே கோடையில் பெர்லினில் இதுவும் வழக்காயிற்று. மூன்று வயதுப் பெண் குழந்தைக்குக் காது குத்தியதில் சிக்கல் வந்ததாகப் பெற்றோர் ஒரு கடைமீது நஷ்டஈடு கேட்டார்கள். குழந்தைக்குக் காது குத்துவதே குற்றமாகுமா என்று நீதிபதி யோசிக்கத் தொடங்கினார். கடைசியில் 70 யூரோவில் சமரசம் ஆனது. காது மடலும் முன்தோலும் ஒன்றல்ல. முன்தோல் நீக்கத்தில் இழப்பும் ஆபத்தும் அதிகம். ஆனால் குழந்தையின் சம்மதம் ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்தால் காதணிக் கடை வரை போய்த்தான் நிற்க வேண்டியிருக்கும் என்பதை அந்த வழக்கு காட்டியது.

அப்படியானால் பெண்களுக்குச் செய்யும் உறுப்புச் சிதைப்பையும் அனுமதிப்பீர்களா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வியும்கூட. பெரும்பாலான வடிவங்களில் அது பெண்ணின் உடலுக்கும் பிரசவத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் வாழ்நாள் முழுக்கத் தீங்கு செய்வது. அவளது இச்சையை அடக்குவதே பல இடங்களில் அதன் வெளிப்படையான நோக்கம். ஆனால் சின்னக் கீறலோடு நிற்கும் வடிவமும் உண்டு. 2015-இல் இங்கிலாந்தின் குடும்ப நீதிமன்றத் தலைவர் ஜேம்ஸ் மன்பி இந்த இடத்தில் மழுப்பவில்லை. அந்தச் சிறிய வடிவத்தைக் கணிசமான தீங்கு என்றால் ஆண் விருத்தசேதனத்தையும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஆணுக்குச் செய்வதை நியாயமான பெற்றோர் செய்யக்கூடிய ஒன்றாகச் சமூகமும் சட்டமும் ஏற்றிருக்கின்றன, பெண்ணுக்குச் செய்வதை எந்த வடிவத்திலும் ஏற்கவில்லை என்றார். தர்க்கத்தில் ஒரு தையல் தெரியத்தான் செய்கிறது. அதை மறைக்காமல் விட்டது நேர்மை. இலங்கையில் முஸ்லிம் பெண் குழந்தைகளுக்கு இது நடப்பது வெளியே பேசப்பட்ட பிறகு, 2018-இல் சுகாதார அமைச்சு மருத்துவர்கள் யாரும் இதைச் செய்யக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆண் குழந்தையின் விஷயத்தில் தடை தவறு என்பது என் முடிவு. காத்திருப்பதும் விலையில்லாதது அல்ல. அமெரிக்காவில் 2014-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், பிறந்த குழந்தைகளில் சிக்கல் அரை சதவீதத்துக்கும் குறைவு. கைக்குழந்தைப் பருவம் தாண்டியபின் செய்தவர்களிடம் அது பத்து முதல் இருபது மடங்கு. யூதக் குடும்பத்துக்கு எட்டாம் நாளைத் தவறவிடுவது என்பது கட்டளையை மீறுவது. வயது வரம்பு 14 என்றோ 18 என்றோ வைத்தால், நடைமுறையில் இங்கே வாழாதே என்று அவர்களிடம் சொல்வதாக ஆகும். தடைபோட்டால் சடங்கு நிற்காது. வெளிச்சமில்லாத அறைக்குப் போகும். அங்கே அடிபடப்போவது அதே குழந்தைதான்.

ஜெர்மன் நாடாளுமன்றம் ஏறக்குறைய இந்த முடிவுக்கே வந்தது. இந்த நாடு உலகத்தின் முன் கேலிக்கூத்தாகிவிடக் கூடாது என்று அன்றைய சான்சலர் ஆங்கெலா மெர்கெல் கட்சிக்காரர்களிடம் கவலைப்பட்டதாகச் செய்தி வந்தது. 2012 டிசம்பர் 12 அன்று 434 பேர் ஆதரிக்க, 100 பேர் எதிர்க்க, 46 பேர் நடுநிலை வகிக்க, குடிமைச் சட்டத்தில் ஒரு புதிய பிரிவு சேர்ந்தது. மருத்துவ நெறிப்படி செய்தால் பெற்றோர் சம்மதிக்கலாம். குழந்தையின் நலனுக்கு ஆபத்து என்றால் கூடாது. முதல் ஆறு மாதத்துக்குள், மதச் சமூகம் நியமித்த பயிற்சி பெற்ற ஒருவர், மருத்துவராக இல்லாவிட்டாலும் செய்யலாம். 14 வயது வரை காத்திருக்கச் சொன்ன மாற்று மசோதா தோற்றது. ஸ்வீடன் 2001-இலேயே இதுபோன்ற சட்டம் கொண்டுவந்து, மரத்துப்போகச் செய்யும் மருந்தை மருத்துவரோ செவிலியரோதான் தர வேண்டும் என்று விதித்திருந்தது. ஐஸ்லாந்தில் 2018-இல் ஆறு ஆண்டுச் சிறைவரை விதிக்கும் மசோதா வந்து, நிறைவேறாமல் போனது.

ஜெர்மன் சட்டத்தின் பலவீனம் அந்த ஆறு மாதச் சலுகையில் இருக்கிறது. வலியைத் தடுக்க நல்ல வழி, உறுப்பின் அடியில் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி. தடவும் களிம்பு அந்த அளவுக்குப் பயன் தராது. மருத்துவர் அல்லாத மோஹெல் அந்த ஊசியைப் போட முடியாது. ஆக, வலியை மிகக் குறைவாகச் சொல்லத் தெரிந்த குழந்தைக்கே மிகக் குறைவான வலி நிவாரணம் கிடைக்கிறது. திராட்சை ரசத்துளி சடங்கில் அழகானதுதான். அது மயக்க மருந்து ஆகாது. யூதர்களிலேயே பலர் மருத்துவராகவும் உள்ள மோஹெலைத் தேடிப்போகிறார்கள். அதைச் சட்டமே கேட்டிருக்க வேண்டும்.

இதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. மிக வைதிகமான சில யூதக் குழுக்களில், வெட்டிய காயத்தின் ரத்தத்தை மோஹெல் வாயால் உறிஞ்சும் வழக்கம் இருக்கிறது. அதன் மூலம் ஹெர்பீஸ் கிருமி தொற்றியதாக நியூயார்க் நகரில் 2000 முதல் 2011 வரை 11 குழந்தைகள் கண்டறியப்பட்டார்கள். இரண்டு குழந்தைகள் இறந்தன. பெரியவர் ஒருவருக்கு வாயோரக் கொப்புளமாக வந்துபோகும் கிருமி, பிறந்த குழந்தைக்கு உயிரைப் பறிப்பது. பல யூத அமைப்புகளே கண்ணாடிக் குழாய் வழியாகச் செய்யலாம் என்று வழி சொல்லியிருக்கின்றன. இரண்டு பிள்ளைகள் இறந்தால் மூன்றாவதுக்கு வேண்டாம் என்ற தல்மூதின் அக்கறையை வைத்துப் பார்த்தால், இந்த வழக்கத்தைத் தொடர எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

புதிய சட்டம் வெறும் அனுமதிச் சீட்டாகவும் ஆகிவிடவில்லை. 2013 ஆகஸ்டில் ஹாம் நகர உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கென்யாவிலிருந்து வந்த தாய், தன் நாட்டு வழக்கப்படி ஆறு வயது மகனுக்குச் செய்விக்க விரும்பினார். ஊருக்குப் போகும்போது அவன் முழு ஆணாக மதிக்கப்பட வேண்டும் என்பது அவர் ஆசை. பையன் ஞானஸ்நானம் பெற்றவன், ஜெர்மனியில் வளர்கிறவன், கென்யாவுக்குப் போவதும் அபூர்வம். ஆறு வயதுப் பையனுக்கு அவன் வயதுக்குப் புரியும்படி எடுத்துச்சொல்லி, அவன் விருப்பத்தையும் கேட்க வேண்டும், பெற்றோருக்கு மருத்துவர் எல்லாவற்றையும் விளக்கியிருக்க வேண்டும், அவை நடக்கவில்லை என்று நீதிமன்றம் அனுமதி மறுத்தது.

இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் இல்லை. குழந்தைகளுக்கு இதைத் தடைசெய்யக் கோரிய மனுவை 2023-இல் கேரள உயர் நீதிமன்றம், சட்டம் இயற்றுவது தன் வேலை அல்ல என்று தள்ளுபடி செய்தது. ஆகவே நம் ஊரில் பொறுப்பு முழுக்கப் பெற்றோரிடமும் மருத்துவரிடமும்தான் இருக்கிறது. தாய்வழியில் யாருக்காவது பல் பிடுங்கியபோதோ அடிபட்டபோதோ ரத்தம் நிற்காமல் போயிருந்தால் அதை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். குழந்தையின் சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருந்தால் சுன்னத் செய்யவே கூடாது. அந்தக் குறையைச் சரிசெய்யும் அறுவைக்கு அதே முன்தோல்தான் தேவைப்படும். மரத்துப்போக ஊசியா, களிம்பு மட்டுமா என்று கேட்க வேண்டும். களிம்பு மட்டும் என்றால் வேறு இடம் பார்க்கலாம், ஏனென்றால் முஸ்லிம் பெற்றோருக்கு நாள் நெருக்கடி இல்லை. மஞ்சள் காமாலை தெளியவும் எடை கூடவும் பொறுக்கலாம். விவரம் தெரிந்த வயதில் செய்வதாக இருந்தால், புதுச்சட்டையையும் மாலையையும் மட்டும் காட்டிப் பையனை அழைத்துப் போகாமல், எங்கே வெட்டுவார்கள், எப்போது வலிக்கும், எத்தனை நாளில் ஆறும் என்று முந்தின வாரமே அவனிடம் உட்கார்ந்து சொல்ல வேண்டும். பயமாக இருக்கிறது, இப்போது வேண்டாம் என்று அவன் சொன்னால், பருவம் எய்த இன்னும் வருடங்கள் இருக்கின்றன.